சேவையர் வந்தால் பிரச்சினை வருமா?

கேள்வி: மகளுக்காகக் கோண்டாவிலில் ஒரு காணி பார்த்திருக்கிறோம். 1962ஆம் ஆண்டு உறுதியில் 4 பரப்பு என்று இருக்கிறது. உரிமையாளர் கனடாவில். அவருடைய தம்பி அற்றோணி (அவர் சார்பில் செயற்பட எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரம்) வைத்து விற்கிறார். சேவையரை, அதாவது நில அளவையாளரைப் பிடித்து அளப்போம் என்றால், "உறுதி இருக்கு, நாலு பக்கமும் வேலி இருக்கு, அளக்க வெளிக்கிட்டால் பக்கத்துக் காணிக்காரரோட வீண் பிரச்சினைதான் வரும்" என்கிறார் தரகர். என் கணவருக்கும் அது சரியென்று படுகிறது. என்ன செய்யலாம்?
– வாசகி, கோண்டாவில்

பதில்: கட்டாயம் அளந்து பாருங்கள் அம்மா, அதுவும் முற்பணம் கொடுக்க முதலே. தரகர் சொல்வது ஒரு வகையில் சரிதான், அளந்தால் பிரச்சினை வரலாம். வருவதென்றால் இப்போதே வரட்டும். இன்றைக்கு வந்தால் அது விற்பவரின் தலையிடி. காசு கைமாறி, மகள் மதிலுக்கு அத்திவாரம் வெட்டும் நாளில் வந்தால் அது உங்கள் தலையிடி.

பழைய உறுதிகள் பலவற்றில் படம் கிடையாது. காணியின் பெயர், பரப்பு, அதற்குக் கீழே கிழக்கில் இன்னார், வடக்கில் ஒழுங்கை என்று நாலு எல்லை. அந்த இன்னார் போய்ச் சேர்ந்திருப்பார், அவருடைய காணி சீதனமாகி இரண்டு மூன்று கை மாறியிருக்கும். தாய் உறுதியில் இருந்த பரப்பைப் பார்த்து அடுத்த உறுதியிலும் அப்படியே எழுதிக்கொண்டு வந்திருப்பார்கள். நடுவில் ஒருவரும் அளந்திருக்க மாட்டார்கள்.

வேலியை நம்புவது இன்னும் மோசம். பூவரசும் கிளுவையும் வருடா வருடம் தடிக்கும். பட்டுப்போன கதியாலுக்குப் பதிலாகப் புதியதை நடுகிறவர் ஒரு அடி தள்ளி நடுவார். இடம்பெயர்ந்து போய் வருடக்கணக்கின் பிறகு திரும்பி வந்து, நின்ற பனையையும் கிணற்றையும் வைத்துக் குத்துமதிப்பாக அடைத்த வேலிகள் வலிகாமத்தில் எத்தனை! கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பரப்பு 10 பேர்ச், அதாவது 2722.5 சதுர அடி. அதில் 18 குழி, ஆகவே ஒரு குழி 151 சதுர அடிக்குச் சற்று அதிகம். நூறு அடி நீள வேலி இரண்டே இரண்டு அடி உள்ளே வந்திருந்தால் 200 சதுர அடி, ஒரு குழிக்கு மேல் போய்விட்டது. நீங்கள் காசு கொடுப்பதோ முழு 4 பரப்புக்கு. பக்கத்துக்காரர் அந்தத் துண்டைத் தன்னுடையதென்று 10 வருடம் தடையில்லாமல் ஆண்டுவந்திருந்தால், நீதிமன்றத்தில் அதற்கு உரிமை கேட்கவும் சட்டத்தில் இடமுண்டு. உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிற காணியில் இதை யார் கவனித்திருக்கப் போகிறார்கள்?

உறுதியை இன்னொரு முறை எடுத்து வாசியுங்கள். "பிரிபடாத பங்கு" என்ற சொல் எங்காவது இருக்கிறதா? இருந்தால் நில்லுங்கள். வேலி அடைத்துத் தனித்துண்டாகத் தெரிந்தாலும், சட்டப்படி நீங்கள் வாங்கப்போவது முழுக் காணியிலும் ஒரு பங்கு மட்டும்தான். சேவையர் படம் கீறியதால் அது பிரிந்துவிடாது. பங்காளிகள் எல்லோரும் கையெழுத்திட்டுப் பிரிவினை உறுதி முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் 1977ஆம் ஆண்டின் பிரிவிடல் சட்டப்படி வழக்கு. யாழ்ப்பாணத் தமிழருக்குரிய தேசவழமைச் சட்டப்படி பங்காளிக்கு முதலில் வாங்கும் உரிமையும் உண்டு. இதையெல்லாம் சட்டத்தரணியிடம் கேளுங்கள். காணி யாருடையது என்று தீர்ப்புச் சொல்வது சேவையரின் வேலை இல்லை. அற்றோணியில் இந்தக் காணியை விற்க அதிகாரம் கொடுத்திருக்கிறதா என்பதையும் சட்டத்தரணியே பார்க்கட்டும்.

சேவையர் அனுமதிப்பத்திரம் உள்ளவரா என்று முதலில் கேளுங்கள். உறுதியின் பிரதியையும், பக்கத்துக் காணிகளுக்குப் பழைய படம் ஏதும் கிடைத்தால் அதையும் அவரிடம் கொடுங்கள். பழைய படத்தைப் புதிய அளவின் மேல் பொருத்திப் பார்த்தால், வேலி எந்த மூலையில் எவ்வளவு நகர்ந்தது என்று தெரிந்துவிடும். அளக்கும் நாளைப் பக்கத்துக் காணிக்காரருக்கு முன்கூட்டியே போய்ச் சொல்லுங்கள், அவர்களும் வந்து நிற்கட்டும். தெரியாமல் அளந்தால்தான் சண்டை. கிணறு பொதுவென்றால் அது எந்தப் பக்கம் நிற்கிறது, அதற்குப் போகிற வழி எங்கே, எத்தனை அடி அகலம் என்பது படத்தில் வர வேண்டும். ஒழுங்கையும் அப்படித்தான். "வழி வாய்க்கால் உரித்து" என்று உறுதியில் ஒரு வரி கிடக்கும், மண்ணில் பார்த்தால் சைக்கிள் மட்டும் போகிற பாதை. நாளைக்குக் கல்லும் மணலும் ஏற்றிய லொறி எப்படி உள்ளே வரும்?

செலவை யார் தருவது என்பதை விற்பவரோடு முதலே பேசித் தீருங்கள். அவர் தர மறுத்தாலும் நீங்களே கொடுத்துவிடுங்கள். மகள் வீடு கட்ட அனுமதி எடுக்கவும் வங்கிக் கடன் கேட்கவும் போகும்போது இந்தப் படத்தைத்தான் கேட்பார்கள், ஆகவே அந்தக் காசு வீண்போகாது.

படம் கையில் வந்த பிறகு விலையைப் பேசுங்கள். உறுதியில் உள்ள பரப்புக்கா, அளந்து வந்த பரப்புக்கா என்பதை உடன்படிக்கையில் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். 3 பரப்பு 14 குழிதான் வந்தால் அதற்குரிய காசைக் கொடுத்தால் போதும். நொத்தாரிசு உறுதி முடிக்கும்போது அட்டவணையில் படத்தின் இலக்கமும் திகதியும் சேவையரின் பெயரும் வர வேண்டும். மூலைகளில் எல்லைக்கல் நட்ட அன்றே, பக்கத்து மரமோ மதிலோ தெரியும்படி ஒவ்வொரு கல்லையும் போனில் படம் எடுத்து மகளுக்கும் அனுப்பிவிடுங்கள்.