கிம்பர்லைட் கிடைத்துவிட்டதாம், 6 லட்சம் போடலாமா?

கேள்வி: குப்பத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். வயது 62. கிரானைட் குவாரியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றேன். அப்பா கோலார் தங்கவயலில் வேலை பார்த்தவர், அதனால் சுரங்கம் எங்களுக்குப் புதிதல்ல. கையில் 11 லட்சம் இருக்கிறது. பென்ஷன் கிடையாது. டொரண்டோவில் இருக்கும் மருமகன், கனடாவின் வடக்கே வைரம் தேடும் ஒரு சின்னக் கம்பெனியைப் பற்றிச் சொல்கிறார். பங்கு 12 சென்ட். போட்ட ஐந்து துளையிலும் கிம்பர்லைட், அதாவது வைரம் இருக்கக்கூடிய பாறை, வந்திருக்கிறதாம். அடுத்த ரிசல்ட் வருவதற்குள் வாங்கினால் பத்து மடங்கு ஆகும் என்கிறார். 6 லட்சம் அனுப்பினால் அவர் பெயரிலேயே வாங்கி வைப்பாராம். அனுப்பலாமா?

பதில்: ஐயா, அனுப்பாதீர்கள். மருமகன் உங்களை ஏமாற்றுகிறார் என்று நான் நினைக்கவில்லை. அவரும் நம்பித்தான் சொல்கிறார். ஆனால் அவர் கையில் இருக்கும் செய்திக்கும் பத்து மடங்குக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பதை குவாரியில் காலம் கழித்த உங்களுக்குச் சொன்னால் உடனே புரியும்.

குவாரியில் புது பிளாக் ஒன்றை வெட்டி இழுத்துப் போட்டதும் அதன் மேல் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பீர்கள், இல்லையா? வெயிலில் மற்ற இடமெல்லாம் காய்ந்த பிறகும் ஈரம் ஒரு கோடாக நிற்கும். அங்கேதான் விரிசல். மலை முழுக்கக் கல்தான், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. விரிசல் இல்லாத பிளாக் எத்தனை தேறும் என்பதில்தான் முதலாளியின் பிழைப்பே இருக்கிறது. ‘ஐந்து துளையிலும் கிம்பர்லைட்’ என்ற செய்தி, ‘இங்கே மலை இருக்கிறது’ என்று சொல்வதற்குச் சமம். தண்ணீர் இன்னும் ஊற்றவில்லை.

கிம்பர்லைட் என்பது ஒரு பாறை. பூமிக்கு அடியில் 150 கிலோமீட்டருக்கும் கீழே இருந்து குழாய் போல மேலே பீறிட்டு வந்தது. வரும் வழியில் வைரத்தைத் தூக்கி வந்திருக்கலாம், வெறுங்கையோடும் வந்திருக்கலாம். உலகம் முழுக்க இப்படி ஆயிரக்கணக்கான குழாய்களைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். லாபமான சுரங்கமாக மாறியது நூற்றில் ஒன்று என்ற அளவில்தான். தூரம் போவானேன், நம் ஆந்திராவின் அனந்தபூர் பக்கம் வஜ்ரகரூரில் கிம்பர்லைட் இருப்பது பல பத்தாண்டுகளாகத் தெரியும். ஊர்ப் பெயரிலேயே வைரம் இருக்கிறது. இன்றுவரை அங்கே வைரச் சுரங்கம் ஓடவில்லை. அதே ஆந்திராவின் ஜொன்னகிரியில் மழைக்கு அப்புறம் வயலில் குனிந்து வைரம் தேடுகிறவர்கள் இழப்பது ஒரு நாள் கூலி. நீங்கள் இழக்கப்போவது 6 லட்சம்.

இன்னொன்று. கம்பெனி அறிக்கையில் ‘டைமண்ட் டிரில்லிங்’ என்று போட்டிருப்பார்கள். அதைப் பார்த்துப் பலர் மயங்குகிறார்கள். துளை போடும் பிட்டின் முனையில் வைரத் துகள் பதித்திருப்பதால் வந்த பெயர் அது. தங்கம் தேடினாலும் செம்பு தேடினாலும் அதே பெயர்தான்.

சரி, அடுத்த ரிசல்ட் என்ன? துளையிலிருந்து வந்த உருளைக் கல்லை ஆய்வுக்கூடத்தில் காஸ்டிக் சோடாவில் போட்டு உருக்குவார்கள். பாறை கரைந்துவிடும், வைரம் கரையாது. மிஞ்சுவதைச் சல்லடையில் சலித்து எண்ணுவார்கள். ‘நூற்றுக்கும் மேற்பட்ட வைரங்கள்’ என்று செய்தி வந்தாலும் பெரும்பாலும் அவை அரை மில்லிமீட்டருக்கும் சின்னத் துகள்கள், கடையில் விற்கிற கல் இல்லை. அது நன்றாக வந்தால் பெரிய அளவில் பாறையைத் தோண்டி, 100 டன்னுக்கு எத்தனை காரட் என்று பார்ப்பார்கள். பிறகு அந்தக் கற்களை மதிப்பிடுவார்கள். லெசோத்தோவின் லெட்செங் சுரங்கத்தில் 100 டன்னுக்கு 2 காரட்கூடத் தேறாது. கல் பெரிதாகவும் உயர்ந்ததாகவும் இருப்பதால் ஓடுகிறது. ஆஸ்திரேலியாவின் ஆர்கைலில் காரட் கொட்டியது, ஆனால் பெரும்பாலும் விலை குறைந்த கல். எண்ணிக்கை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது.

மருமகன் சொல்லும் பத்து மடங்கு நடக்கவே நடக்காது என்று நான் சொல்ல மாட்டேன். 1991-ல் சக் ஃபிப்கி, ஸ்டூவர்ட் புளூசன் என்ற இரண்டு நிலவியலாளர்கள் கனடாவின் லாக் டி க்ரா ஏரிப் பக்கம் வைரம் கண்டார்கள். அவர்களுடைய சின்னக் கம்பெனியான டயா மெட்டின் பங்கு சென்ட்களிலிருந்து பல டாலர்களுக்குப் போனது. 1998-ல் எகாட்டி சுரங்கம் திறந்தது. அந்தக் கதையைக் கேட்டுத்தான் இன்றுவரை ஜனங்கள் பணம் போடுகிறார்கள். ஆனால் அதே வட்டாரத்தில் டிலி க்வி சோ என்ற இடத்திலும் கிம்பர்லைட் கிடைத்தது, வைரமும் இருந்தது, பங்குகள் பறந்தன. 1994-ல் பெரிய அளவில் தோண்டிப் பார்த்த பாறையின் ரிசல்ட் சப்பென்று வந்ததும் அத்தனையும் சரிந்தது.

என்னை அதிகம் உறுத்துவது கனடாவின் கியூபெக் மாகாணத்து ரெனார்ட் சுரங்கம். 2001-ல் கண்டுபிடிப்பு. உண்மையான வைரம், உண்மையான சுரங்கம், 2017-ல் வணிக உற்பத்தி. 2019-ல் அதை நடத்திய ஸ்டோர்னோவே கம்பெனி கடன்காரர்களிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. பங்குதாரர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. வைர விலை கை கொடுக்கவில்லை, அவ்வளவுதான். இப்போது ஆய்வுக்கூடத்தில் செய்கிற வைரமும் போட்டிக்கு வந்துவிட்டது. உங்கள் அப்பா வேலை பார்த்த தங்கவயலை 2001-ல் மூடும்போதும் கீழே தங்கம் தீர்ந்துபோகவில்லை. எடுக்கிற செலவுதான் கட்டுப்படியாகவில்லை.

இன்னும் ஒரு கணக்கு. இந்தக் கம்பெனிக்கு விற்பனை கிடையாது, வருமானம் கிடையாது. துளை போடப் பணம் வேண்டுமென்றால் புதுப் பங்கு அச்சடித்து விற்பதுதான் வழக்கமான வழி. இப்போது 10 கோடி பங்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் 10 சென்டுக்கு 5 கோடி, அதற்கடுத்து இன்னொரு 5 கோடி விற்றால், துளை நன்றாகவே வந்தாலும் கம்பெனியில் உங்களுக்குச் சொந்தமான பகுதி பாதியாகியிருக்கும். மருமகனிடம் முதலில் இதைத்தான் கேட்க வேண்டும்: மொத்தம் எத்தனை பங்கு, கையில் எவ்வளவு ரொக்கம்?

அப்புறம், அவர் பெயரில் வாங்குவது. நீங்கள் அனுப்பினால் அந்தப் பங்கு சட்டப்படி அவருடையது. லாபம் வந்தால் கனடாவில் வரி கட்டுவது அவர். நஷ்டம் வந்தால் உங்கள் மகள் இரண்டு பக்கமும் பேச முடியாமல் நடுவில் நிற்பாள். உங்கள் பெயரிலேயே வாங்கினால் தனிநபர்கள் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான ரிசர்வ் வங்கியின் எல்ஆர்எஸ் திட்டத்தில் அனுப்பலாம், அதில் தடையில்லை. ஆனால் வருமான வரி ரிட்டர்னில் வெளிநாட்டுச் சொத்தைக் காட்ட வேண்டும், ஐடிஆர்-1 என்ற எளிய படிவம் போதாது.

பென்ஷன் இல்லாத உங்களுக்கு இந்த 11 லட்சம்தான் மாதச் சம்பளம். தபால் நிலையத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. 2023 ஏப்ரலில் அதன் வட்டியை 8.2 சதவீதமாக உயர்த்தினார்கள். அந்த வட்டிப்படி 9 லட்சம் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 18,450 ரூபாய் கைக்கு வரும். மீதி 2 லட்சம் ஆஸ்பத்திரிச் செலவுக்கு வங்கியில் இருக்கட்டும். மனசு கேட்கவில்லை என்றால், தொலைந்தாலும் வீட்டில் யாரும் பேசாத ஒரு தொகை, 15,000 ரூபாய், அதற்கு மேல் வேண்டாம்.

மருமகனிடம் இதை எப்படிச் சொல்வது என்று தயங்காதீர்கள். கம்பெனியின் கடைசிக் காலாண்டு அறிக்கையை அவரிடம் கேட்டு வாங்கி எனக்கு அனுப்பி வையுங்கள். கையிருப்பு எத்தனை மாதத்துக்கு வரும் என்று கணக்குப் போட்டு எழுதுகிறேன், அதை அவரிடமே காட்டலாம்.