ஊசி போட்டும் குட்டி செத்தது ஏன்?

கேள்வி: கோவில்பட்டி பக்கம் 60 ஆடு வைத்திருக்கிறேன். காவலுக்குக் கன்னி நாய் ஒரு ஜோடி. பெட்டை 4 குட்டி போட்டது. 45-ஆம் நாள் மெடிக்கலில் ஏழு நோய் ஊசி வாங்கி வந்து, பழக்கமான ஒருவரை வைத்துப் போட்டோம். ஒரு ஊசி போதும் என்றார் கடைக்காரர். 70-ஆம் நாள் ரத்தக் கழிச்சல் கண்டு இரண்டு குட்டி செத்துவிட்டன. மருந்து போலியா? வேறு கம்பெனி ஊசி வாங்கலாமா?

பதில்: கம்பெனியை மாற்றிப் பயனில்லை ஐயா. நீங்கள் சொல்லும் அறிகுறி, குட்டியின் குடலைத் தாக்கும் பார்வோ வைரஸ் நோய் போலத்தான் இருக்கிறது. 45 நாளில் குட்டியின் ரத்தத்தில் தாயின் சீம்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி மிச்சமிருக்கும். அது ஊசியில் இருக்கும் வீரியம் குறைத்த கிருமியையும் அழித்துவிடும். ஊசி போட்டிருப்போம், ஆனால் குட்டிக்குள் ஒன்றும் பதிந்திருக்காது. இந்தத் தாய்ப்பால் காப்பு ஒரே ஈத்திலேயே ஒரு குட்டிக்கு 8 வாரத்தில் வடியும், இன்னொன்றுக்கு 14 வாரம் வரை இழுக்கும். அதனால்தான் 3, 4 வாரத்துக்கு ஒரு தடவை திரும்பப் போடுகிறோம். 16 வாரம் முடிந்த பிறகு ஒரு ஊசி கட்டாயம் விழ வேண்டும். ஒன்று போதும் என்று கடைக்காரர் சொன்னது தவறு. அதைச் சொல்வது அவர் வேலையும் இல்லை.

சரி, அந்த ஊசி மருந்து எப்படி உங்கள் வீட்டுக்கு வந்தது? கடிதத்தில் அதை எழுதவில்லை. நான் முதலில் கேட்பது அதைத்தான். 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டிய மருந்து அது. போன சித்திரையில் ஒருவர் குட்டியோடு வந்தார். பைக் கைப்பிடியில் கறுப்புப் பாலிதீன் பை, அதற்குள் மருந்துக் குப்பி. கையில் எடுத்தால் உடம்புச் சூடு. குப்பி அடியில் வெள்ளை வில்லை போல மருந்து உலர்ந்து உட்கார்ந்திருந்தது, பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. வெயில் பட்டுக் கெட்ட மருந்தைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. கடையில் இரவு மின்சாரம் போனதா, ஃப்ரிட்ஜில் கூல்டிரிங்ஸுக்காகக் கதவு எத்தனை தடவை திறந்தது, யாருக்குத் தெரியும்? ஃப்ரீசரில் வைத்து உறைய விட்டாலும் கூட, உலர் மருந்தைக் கலக்கும் கரைப்பான் திரவமும் வெறிநோய் ஊசியும் வீணாகிவிடும். கலக்கிய மருந்தை உடனே போட வேண்டும், அரை மணி நேரம் சிரிஞ்சில் வைத்துக்கொண்டு நாயைத் துரத்தக் கூடாது. ஐஸ் பெட்டி இல்லாமல் மருந்தை நீட்டுகிற கடையில் காலே வைக்காதீர்கள். குட்டியைத் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள், அவர் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துக் கண்முன் கலக்கிப் போடட்டும். குப்பி லேபிளைக் கிழித்துக் குட்டியின் தடுப்பூசி அட்டையில் ஒட்டச் சொல்லுங்கள்.

மிஞ்சிய இரண்டு குட்டியையும் இன்றே காட்டுங்கள். இரை எடுக்காமல் சோர்ந்து கிடந்தால் முதலில் சிகிச்சைதான், ஊசி அப்புறம். இழந்த குட்டிக்குப் பதிலாக இப்போதே புதுக் குட்டி வாங்கி அதே இடத்தில் விடாதீர்கள். நிழல் மண்ணில் பார்வோ கிருமி மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பினாயிலுக்கு அது மசியாது. கழிவையும் மண்ணையும் சுரண்டி எடுத்துவிட்டு ப்ளீச் திரவம் ஒரு பங்குக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் ஊற விடுங்கள்.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. ஏழு நோய் ஊசியில் வெறிநோய்க்கான மருந்து கிடையாது. நிறையப் பேர் அது உள்ளே இருக்கிறதென்று நம்பி விட்டுவிடுகிறார்கள். உங்கள் பெரிய நாய் இரண்டும் ராத்திரி கிடையைச் சுற்றுகின்றன, தெருநாயோடும் நரியோடும் மல்லுக்கு நிற்கின்றன. அவற்றுக்கு வெறிநோய் ஊசி போட்டதாக நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. குட்டிக்கு 12 வாரத்தில், பெரியவற்றுக்கு உடனே, அப்புறம் ஆண்டுக்கு ஒரு தடவை. அரசு கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள், உலக வெறிநோய் தினமான செப்டம்பர் 28-ஐ ஒட்டி இலவச முகாமும் பல ஊர்களில் நடக்கும். அதற்காகச் செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டாம்.

கிடை காக்கிற ஆளை நாய் பல் கீறினாலும் ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவச் சொல்லி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். காயத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும் அப்ப விடாதீர்கள்.