வாசகர் கேள்வி: பந்தயத்தில் ஓடிய ஆர்எக்ஸ் 100 இன்ஜினைச் சாலைக்குக் கொண்டுவரலாமா?

கேள்வி: இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்தில் முன்பு ஓடிய யமஹா ஆர்எக்ஸ் 100 இன்ஜின் ஒன்று மலிவாகக் கிடைத்தது. அதை என்னுடைய 1993ஆம் ஆண்டு வண்டியில் பொருத்தினேன். நிமிடத்துக்கு 7,000 சுற்றுக்குக் கீழே இழுவையே இல்லை. சிக்னலில் நின்றால் அணைந்துவிடுகிறது. வேகமெடுத்தால் உள்ளே தட்டுகிற சத்தம் கேட்கிறது. இருபதாயிரம் ரூபாய்க்குள் இதை அன்றாடம் ஓட்டத் தகுந்ததாக மாற்ற முடியுமா? (ஈரோடு வாசகர்)

பதில்: முடியும், ஆனால் அந்தத் தட்டும் சத்தம் நிற்கும்வரை வண்டியை எடுக்காதீர்கள். எரிகலவை தானாக வெடிப்பதால் எழும் சத்தம் அது. அப்படியே ஓட்டினால் பிஸ்டனின் தலை உருகித் துளை விழுந்துவிடும்.

ஆலையிலிருந்து வந்தபோது இது 50 மி.மீ. போர் (சிலிண்டரின் உள்விட்டம்), 50 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) கொண்ட 98 சிசி இன்ஜின். 7,500 சுற்றில் 11 குதிரைத்திறன் தந்தது. பந்தய மெக்கானிக் செய்திருப்பது, அந்தத் திறன் கிடைக்கும் இடத்தை இன்னும் மேலே நகர்த்தியதுதான். அதற்காக அவர் சிலிண்டர் பிளாக்கில், புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் துளையை மேல்நோக்கி அராவியிருப்பார். சிலிண்டரை மேலே மூடும் ஹெட்டைக் கடைந்து கம்ப்ரஷனை (கலவை அழுத்தப்படும் அளவை) ஏற்றியிருப்பார். நடுவில் பருத்த பந்தய சைலன்சரான சேம்பரை மாட்டியிருப்பார். கீழ்ச்சுற்றில் இழுவை இல்லாமல் போனதற்கு முதல் மாற்றமும் மூன்றாவதும் சேர்ந்தே காரணம். சத்தத்திற்கு இரண்டாவதும், முன்தள்ளி வைக்கப்பட்ட இக்னிஷன் டைமிங்கும் (பிளக்கில் பொறி தெறிக்கும் நேரமும்) காரணமாக இருக்கலாம்.

எதையும் வாங்குவதற்கு முன் அளவெடுங்கள். ஏறத்தாழ 2 மி.மீ. தடிமனுள்ள சால்டர் கம்பியை, அதாவது ஈயப் பற்றுக் கம்பியை, பிளக் துளை வழியாக உள்ளே விட்டு, சிலிண்டர் சுவரைத் தொடும்வரை பிஸ்டன் பின் (பிஸ்டனை கனெக்டிங் ராடுடன் இணைக்கும் குறுக்குத் தண்டு) இருக்கும் திசையிலேயே தள்ளுங்கள். வேறு திசையில் விட்டால் பிஸ்டன் சாய்ந்து அளவு பொய்யாகும். கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்தி, பிஸ்டன் உச்சியைக் கடந்ததும் கம்பியை வெளியே எடுத்து, நசுங்கிய நுனியை வெர்னியரில் அளக்க வேண்டும். 0.8 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால், அந்த ஹெட்டைக் கழற்றி வைத்துவிட்டு, கடையப்படாத பழைய ஹெட் ஒன்றைத் தேடுங்கள். பேக்கிங்கை இரண்டாக அடுக்கிக் கம்ப்ரஷனைக் குறைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். கம்ப்ரஷன் குறையும் என்பது உண்மைதான். ஆனால் ஓரத்து இடைவெளி அகன்றுவிடுவதால், தட்டும் சத்தம் போவதற்கு உறுதியில்லை.

அடுத்தது பிளாக். அதன் மேல்விளிம்பிலிருந்து எக்ஸாஸ்ட் துளையின் மேல்விளிம்பு வரை உள்ள தூரத்தை அளந்து, கைபடாத பிளாக் ஒன்றுடன் ஒப்பிடுங்கள். துளை 1 மி.மீ. உயர்ந்தால், அது திறந்திருக்கும் நேரம் கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) சுழற்சியில் ஏறத்தாழ 5 டிகிரி கூடுகிறது. வித்தியாசம் அரை மில்லிமீட்டர் என்றால் கவலை வேண்டாம். ஒன்றரையைத் தாண்டிவிட்டால், கார்புரேட்டரில் என்ன ஜெட் போட்டாலும் நகர நெரிசலில் அந்த பிளாக் உங்களுக்கு உதவாது. அராவிய இரும்பை மீண்டும் ஒட்டவைக்க வழியில்லை. கோவையில் லேத் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை என்பதால், பழைய அளவில் துளைகளுள்ள புதிய ஸ்லீவ் (சிலிண்டரின் உள் உறை) அடித்துக்கொள்ளலாம். கைபடாத பிளாக் கிடைத்தால் அடுத்த ஓவர்சைஸ் பிஸ்டனுக்கு ஏற்றபடி போரிங் செய்வது (உள்விட்டத்தைக் கடைவது) அதைவிட நல்லது.

சேம்பரைக் கழற்றிப் பழைய சைலன்சரையும், பந்தயத்துக்காகப் பெரிய கார்புரேட்டர் மாட்டியிருந்தால் அதற்குப் பதிலாகப் பழைய அளவையும் மாட்டினால், சிக்னலில் அணையும் தொல்லை பெரும்பாலும் தீரும். சேம்பரை விற்றால் நல்ல விலை போகும். மனம் வந்தால் விற்றுவிடுங்கள்.

மிச்சப் பணத்தைக் கிராங்கில் போடுங்கள். கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் சிறிதும் ஆடக் கூடாது. பக்கவாட்டில் கொஞ்சம் நகர்வது இயல்பு. கிராங்கின் இரு பக்க ஆயில் சீல்களையும், அவை நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும், மாற்றிவிடுங்கள். மேக்னட் பக்கச் சீல் கசிந்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்து கலவையின் பெட்ரோல் குறையும். பிஸ்டன் சீஸ் ஆகும், அதாவது சிலிண்டருக்குள் இறுகி நின்றுவிடும்.

கேள்வி: என் இன்ஜினில் ஆயில் பம்ப்பைக் கழற்றித் தகடு போட்டு மூடியிருக்கிறார்கள். பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஓட்டலாமா? (சத்தியமங்கலம் வாசகர்)

பதில்: ஓட்டலாம். லிட்டருக்கு 30 மி.லி. நல்ல 2டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் இன்ஜினுக்கான ஆயில்) போதும். ஆனால் நீங்கள் திம்பம் மலைப்பாதைக்குப் பக்கத்தில் இருப்பதால் ஒன்றைச் சொல்ல வேண்டும்: இறக்கத்தில் ஆக்சிலேட்டரை முழுக்க மூடிக்கொண்டு கியரிலேயே இறங்கினால், பெட்ரோல் வராதபோது அதோடு சேர்ந்து வரவேண்டிய ஆயிலும் வராது. இன்ஜினோ வேகமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். ஆகவே இடையிடையே கிளட்ச்சைப் பிடித்து ஒரு சிறு திருகு கொடுங்கள். இன்று பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் இருப்பதால், கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் பழைய மெயின் ஜெட்டைவிட ஓர் அளவு பெரியதைப் போட்டு, பிளக்கின் நிறம் காபிப் பொடி நிறத்துக்கு வருகிறதா என்று பாருங்கள். கலந்த பெட்ரோலை வாரக்கணக்கில் டேங்கில் தேக்கி வைக்காதீர்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும்.

கேள்வி: இன்ஜினை மாற்றினால் ஆர்டிஓவில் சொல்ல வேண்டுமா? (கரூர் வாசகர்)

பதில்: கட்டாயம். ஆர்.சி.யில் இன்ஜின் எண் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. வேறு எண்ணுள்ள இன்ஜினுடன் விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸில் சிக்கல் வரும். எண் தேய்க்கப்பட்ட இன்ஜின் கேஸை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். புகைச் சோதனையில், 2000 மார்ச் 31 வரை தயாரான இருசக்கர வண்டிகளுக்கு கார்பன் மோனாக்சைடு 4.5 சதவீதமும், ஹைட்ரோகார்பன் 9,000 பிபிஎம்மும் உச்சவரம்பு. மேலே சொன்னபடி பழைய சைலன்சரும் சரியான ஜெட்டும் உள்ள இன்ஜினுக்கு இது எட்டக்கூடிய அளவுதான்; சேம்பருடன் போனால் சத்தத்துக்காகவே தனியாக அபராதம் கட்ட நேரிடும்.