அமெரிக்கக் கல்லூரி நிதியுதவி நின்றுபோகாமல் இருக்க: கேள்வி பதில்

ஃபெடரல் நிதியுதவிக்கான விண்ணப்பமாகிய ஃபாஃப்சா படிவத்தை நிரப்பி, திருப்பிக் கட்டத் தேவையில்லாத பெல் கிராண்ட்டோ ஃபெடரல் கடனோ கிடைத்துவிட்டால் நான்கு ஆண்டுகளுக்கும் கவலையில்லை என்று நம்மவர்களில் பலர் எண்ணுகிறார்கள். மாணவர் போதிய கல்வி முன்னேற்றம் காட்டினால்தான் அந்தப் பணம் தொடர்ந்து வரும் என்பது ஃபெடரல் அரசின் விதி; கல்லூரி அலுவலகங்களில் இதை எஸ்.ஏ.பி. என்பார்கள். ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தின் நிதியுதவி அலுவலகத்தில் பணியாற்றி, மேல்முறையீடுகளைப் பரிசீலிக்கும் குழுவிலும் இருந்தவன் என்ற முறையில், வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஃபெடரல் விதிக்கு உட்பட்டு ஒவ்வொரு கல்லூரியும் தன் கொள்கையைத் தானே வகுத்துக்கொள்கிறது. ஆகவே நான் சொல்லும் எண்களை உங்கள் கல்லூரியின் கொள்கையோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வது அவசியம்.

கேள்வி (பிளேனோ, டெக்சஸ்): ஐயா, என் மகள் இந்த ஆண்டுதான் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். உதவியைத் தொடர்வதற்கு எவற்றையெல்லாம் பார்க்கிறார்கள்?

பதில்: மூன்றைப் பார்க்கிறார்கள். முதலாவது ஜி.பி.ஏ., அதாவது மதிப்பெண் சராசரி. இளநிலை மாணவர்களுக்குப் பெரும்பாலான கல்லூரிகள் 2.0 கேட்கின்றன, தொடக்கத்தில் சற்றுக் குறைவாக ஏற்கும் கல்லூரிகளும் உண்டு. ஆனால் இரண்டாம் ஆண்டு முடியும்போது மாணவர் ‘சி’ தரத்திலோ, பட்டம் பெறுவதற்கு அக்கல்லூரி கேட்கும் தகுதிக்கு ஏற்ற நிலையிலோ இருந்தாக வேண்டும்.

இரண்டாவது வேகம். இதுவரை பதிவு செய்த கிரெடிட்டுகளில் (பாடத்தின் அளவைக் குறிக்கும் அலகுகள்) எத்தனை கிரெடிட்டுகளைத் தேறி முடித்திருக்கிறார் என்ற விகிதம் இது. மூன்றாவது உச்ச வரம்பு: பட்டத்துக்கு வேண்டிய கிரெடிட்டுகளின் 150 சதவீதத்துக்குள் படிப்பை முடித்துவிட வேண்டும். 120 கிரெடிட் பட்டம் என்றால் 180 கிரெடிட். ஈராண்டுப் படிப்புத் தரும் கம்யூனிட்டி கல்லூரியின் 60 கிரெடிட் பட்டம் என்றால் 90. பெரும்பாலான கல்லூரிகள் கேட்கும் 67 சதவீத வேகமும் இந்த வரம்பிலிருந்து பிறந்ததுதான்: 180இல் 120 என்பது மூன்றில் இரண்டு பங்கு.

பெல் கிராண்ட், படித்துக்கொண்டே வேலை பார்த்துச் சம்பாதிக்கும் வொர்க் ஸ்டடி, மாணவர் பெயரிலான ஃபெடரல் கடன், பெற்றோர் வாங்கும் பிளஸ் கடன் ஆகிய எல்லாமே இந்த விதிக்கு உட்பட்டவை. பெற்றோர் கடனுக்கும் மகளின் மதிப்பெண்ணுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டவர்கள் உண்டு. அவள் தகுதியிழந்தால் அந்தக் கடனும் நின்றுவிடும்.

கேள்வி (எடிசன், நியூ ஜெர்சி): என் மகனுக்கு ஜி.பி.ஏ. 3.4. ஆனாலும் முதலாண்டு முடிவில் உதவி நிறுத்தப்பட்டதாக மின்னஞ்சல் வந்திருக்கிறது. இலையுதிர் செமஸ்டரில் 16 கிரெடிட் எடுத்து, கடினமாக இருந்ததால் 8 கிரெடிட்டிலிருந்து விலகினான். அடுத்த செமஸ்டரில் 15 எடுத்து 12 தேறினான். இதில் என்ன தவறு?

பதில்: ஜி.பி.ஏ.யில் தவறில்லை, வேகத்தில்தான் சறுக்கல். அவர் பதிவு செய்தவை 31, தேறியவை 20, விகிதம் 64.5 சதவீதம். 67க்குக் கீழே வந்துவிட்டதால் கணினியே அந்த மின்னஞ்சலை அனுப்பியிருக்கும். நம் பெற்றோர்கள் மதிப்பெண்ணை மட்டுமே கவனிக்கிறார்கள். உதவியை இழந்து என் மேசைக்கு வந்த நல்ல மாணவர்களில் பலர் இந்த வகுத்தல் கணக்கில்தான் விழுந்தவர்கள்.

செமஸ்டரின் தொடக்கத்தில், பாடங்களைச் சேர்க்கவும் நீக்கவும் தரப்படும் நாட்களுக்குள் ஒரு பாடத்தை நீக்கினால், அது எடுக்கப்படாததாகவே கருதப்படும். அந்தக் கெடு கடந்தபின் விலகினால் டிரான்ஸ்கிரிப்ட் எனும் மதிப்பெண் பட்டியலில் ‘டபிள்யூ’ என்று பதிவாகும். அது ஜி.பி.ஏ.யைத் தொடாது, ஆனால் பதிவு செய்த கிரெடிட்டாக எண்ணப்பட்டு, வேகத்தைக் கீழே இழுக்கும். ஜி.பி.ஏ.யைக் காப்பாற்ற ‘டபிள்யூ’ வாங்கு என்று கல்லூரியின் பாட ஆலோசகரான அட்வைசர் சொல்வது பாடத்திட்டக் கோணத்தில் சரியான அறிவுரையே. நிதியுதவிக் கணக்கு அவர் மேசையில் இருப்பதில்லை.

சரிசெய்ய வழி இருக்கிறது, அது நீங்கள் நினைப்பதைவிட அருகில் இருக்கிறது. கோடையில் ஒரே ஒரு 3 கிரெடிட் பாடத்தை எடுத்துத் தேறினால் 34இல் 23, அதாவது 67.6 சதவீதம். இரண்டு பாடங்கள் என்றால் 37இல் 26, 70 சதவீதத்துக்கு மேல். அருகிலுள்ள கம்யூனிட்டி கல்லூரியில் படித்து மாற்றிக்கொண்டாலும், மகனின் பட்டத்துக்கு ஏற்கப்படும் கிரெடிட் பதிவு செய்தது, தேறியது என்ற இரு பக்கத்திலும் சேரும். அந்தப் பாடம் ஏற்கப்படும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்; கிரெடிட் மாறி வந்ததும் மறுகணக்கீடு செய்யும்படி நிதியுதவி அலுவலகத்தைக் கேளுங்கள். வெளியிலிருந்து வரும் பாடத்தின் மதிப்பெண் பொதுவாகத் தாய்க் கல்லூரியின் ஜி.பி.ஏ.யில் சேராது என்பதால், ஜி.பி.ஏ. குறைந்தவர்களுக்கு இந்த வழி உதவாது.

கேள்வி: என் தோழிக்கு முதலில் எச்சரிக்கை மட்டும் வந்தது, ஒரு செமஸ்டர் உதவியும் தொடர்ந்தது. எனக்கு நேரடியாக நிறுத்தம் வந்திருக்கிறது. இது பாரபட்சம் இல்லையா?

பதில்: இல்லை. ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும் கணக்குப் பார்க்கும் கல்லூரிகள் மட்டுமே எச்சரிக்கை நிலை என்ற ஒன்றை வைத்துக்கொள்ள முடியும். அப்போது மேல்முறையீடு இல்லாமலே ஒரு செமஸ்டருக்கு உதவி தொடரும். ஆண்டுக்கு ஒரு முறை பார்க்கும் கல்லூரிகளுக்கு அந்த வசதியை விதி தரவில்லை.

கேள்வி (ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா): அண்ணா, ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் ‘டி’ வாங்கியிருக்கிறேன். மெடிக்கல் கல்லூரிக்காக மீண்டும் படிக்க வேண்டும். நிதியுதவி கிடைக்குமா?

பதில்: கிடைக்கும் தம்பி, ஆனால் ஒரு முறைதான். ‘டி’யும் இங்கே தேர்ச்சியாகவே கருதப்படும்; தேறிய பாடத்தை மறுபடி படிக்க ஒரு தடவை மட்டுமே ஃபெடரல் உதவி உண்டு. இரண்டாம் தடவை மறுபடி படித்தால், அந்தப் பாடத்தின் கிரெடிட்டைக் கழித்துவிட்டு, மீதமுள்ள கிரெடிட்டுக்கு ஏற்பத்தான் உதவித்தொகையைக் கணக்கிடுவார்கள். ‘எஃப்’ வாங்கிய பாடத்துக்கு இந்தத் தடை இல்லை. பழைய மதிப்பெண்ணுக்குப் பதிலாகப் புதிய மதிப்பெண்ணை உங்கள் கல்லூரி எடுத்துக்கொண்டாலும், இரண்டு முறையும் பதிவு செய்த கிரெடிட் இரண்டு முறையாகவே எண்ணப்படும்.

கேள்வி: மதிப்பெண்ணுக்குப் பதில், பாடம் இன்னும் முடியவில்லை என்று பொருள்படும் ‘இன்கம்ப்ளீட்’ வந்தால்?

பதில்: முடித்துக் காட்டும் வரை அது தேறாத பாடம்தான். மதிப்பெண் வந்ததும் மறுகணக்கீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி (அட்லாண்டா, ஜார்ஜியா): ஊரில் பாட்டி தவறிவிட்டார். செமஸ்டர் நடுவில் கிளம்பிப் போய், திரும்பி வர ஐந்து வாரமாகிவிட்டது. இந்த செமஸ்டரை முழுமையாக விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன்.

பதில்: முழுவதையும் விடுவதற்கு முன் நிதியுதவி அலுவலகத்தில் ஒரு கணக்குப் போட்டுத் தரச் சொல்லுங்கள். செமஸ்டரில் 60 சதவீதக் காலம் கடப்பதற்குள் எல்லாப் பாடங்களிலிருந்தும் விலகினால், இருந்த காலத்துக்கு உரிய ஃபெடரல் உதவிதான் உங்களுடையது. 30 சதவீதக் காலம் இருந்திருந்தால் 30 சதவீதம். மீதி திரும்பப் போய்விடும். ஆனால் கல்லூரிக் கட்டணம் அதே அளவுக்குக் குறையும் என்று எதிர்பார்க்க முடியாது. அந்த இடைவெளி உங்கள் பெயரில் பாக்கியாக நிற்கும். 60 சதவீதம் கடந்திருந்தால் முழு உதவியும் உங்களுக்கே உரியது.

எதுவும் சொல்லாமல் வகுப்புக்குப் போகாமல் நின்றுவிடுவதுதான் மிக மோசமான வழி. எல்லாப் பாடத்திலும் ‘எஃப்’ வந்தால், இவர் எப்போது நின்றார் என்று அலுவலகம் விசாரிக்க வேண்டியிருக்கும். தேர்வு எழுதி ‘எஃப்’ வாங்கியதற்கான சான்று கிடைக்காவிட்டால், விலகியவராகவே கருதிப் பணத்தைத் திருப்பி அனுப்புவார்கள்.

இரண்டு பாடங்களையாவது முடிக்க முடியுமானால் அவற்றை வைத்துக்கொள்ளுங்கள். முடிகிற பாடங்கள் வேகத்தைத் தாங்கிப் பிடிக்கும்.

கேள்வி (சிகாகோ): மேல்முறையீட்டுக் கடிதத்தில் என்ன எழுத வேண்டும்? ஒரு மாதிரிக் கடிதம் கிடைக்குமா?

பதில்: மாதிரிக் கடிதம் தர மாட்டேன். ஒரே வார்ப்பில் வந்த கடிதங்களைக் குழு எளிதில் கண்டுகொள்ளும்.

மேல்முறையீட்டை ஏற்கும் கல்லூரிகளில், உறவினரின் இறப்பு, மாணவருக்கு ஏற்பட்ட காயம் அல்லது நோய், பிற சிறப்புச் சூழல்கள் ஆகியவற்றைக் காரணமாகக் காட்டலாம். கடிதம் இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்: ஏன் தவறியது, இப்போது என்ன மாறியிருக்கிறது. எனக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை முதல் கேள்விக்கு மூன்று பக்கமும் இரண்டாவதற்கு ‘இனிமேல் கடுமையாக உழைப்பேன்’ என்ற ஒரே வரியும் கொண்டவை. அந்த வரியை வைத்து எந்தக் குழுவும் முடிவெடுக்க முடியாது. வாரத்துக்கு 30 மணி நேரம் வேலை பார்த்ததால் தவறியது என்றால், அதை 12 மணியாகக் குறைத்திருப்பதைக் காட்டும் வேலை அட்டவணையை இணையுங்கள். மனச்சோர்வு காரணம் என்றால், சிகிச்சை தொடங்கிய காலத்தையும் நீங்கள் படிப்பைத் தொடரத்தக்க நிலையில் இருப்பதையும் குறிப்பிடும் ஆலோசகரின் கடிதம் போதும். உங்கள் அந்தரங்கம் முழுவதையும் எழுத வேண்டியதில்லை. மனநலத்தைப் பற்றி எழுத நம் வீடுகளில் இருக்கும் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் உண்மைக் காரணத்தை மறைத்து, ‘நேரத்தைச் சரியாகத் திட்டமிடவில்லை’ என்று எழுதும் மாணவர், ஏற்கத்தக்க காரணத்தைக் கைவிட்டு ஏற்க முடியாத காரணத்தைத் தேர்ந்துகொள்கிறார்.

ஊரில் நடந்த இறப்புக்குச் சான்றிதழின் நகலும் பயணச்சீட்டும் வையுங்கள்; ஆவணத்தில் தமிழ் மட்டும் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பு தேவைப்படும். பாட்டியின் மரணமும் உறவினரின் மரணம்தான், தயங்க வேண்டாம்.

ஏற்கப்பட்டால் தகுதிகாண் நிலையில் ஒரு செமஸ்டருக்கு உதவி திரும்பி வரும். ஒரு செமஸ்டரில் மேலேற முடியாத அளவுக்கு எண்கள் கீழே இருந்தால், அட்வைசருடன் சேர்ந்து ஒரு கல்வித் திட்டம் வகுப்பார்கள். அதைப் பின்பற்றும் வரை உதவி தொடரும். அந்தத் திட்டத்தில் எழுதப்பட்ட பாடத்தைக் கேட்காமல் மாற்றுவதும் மீறல்தான்.

கேள்வி (ராலே, வட கரோலினா): மகன் மூன்று ஆண்டுகள் உயிரியல் படித்துவிட்டு இப்போது கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு மாறுகிறான். பதிவு செய்தது 125, தேறியது 118. புதிய பட்டத்துக்கு இன்னும் 62 கிரெடிட் வேண்டுமாம். வேகம் நன்றாகத்தானே இருக்கிறது?

பதில்: வேகம் 94 சதவீதம், அருமை. ஆனால் 125உடன் 62 சேர்ந்தால் 187. உச்ச வரம்போ 180. வரம்பைத் தொடும் நாளில்தான் உதவி நிற்கும் என்று எண்ண வேண்டாம். அதற்குள் முடிக்கவே முடியாது என்று கணக்கில் தெரிந்த நாளிலேயே தகுதி போய்விடும்.

இதற்குக் கல்லூரியின் கொள்கையைப் படிக்க வேண்டும். துறை மாறியவர்களுக்குப் புதிய பட்டத்துக்குப் பொருந்தும் பாடங்களை மட்டும் எண்ணும் கல்லூரிகள் இருக்கின்றன. அப்படியானால் அவர் தேறியவற்றில் 58 மட்டுமே பொருந்துகிறது. 62ஐக் கூட்டினால் 120, தாராளமாக வரம்புக்குள் இருக்கிறார். எல்லாவற்றையும் எண்ணும் கல்லூரி என்றால், மாறுவதற்கான காரணத்தை விளக்கி, மீதமுள்ள பாடங்களின் பட்டியலுடன் மேல்முறையீடு செய்ய வேண்டும். பெல் கிராண்ட் வாங்குபவர் என்றால் இன்னொன்று: அது வாழ்நாளில் 12 முழு செமஸ்டர் அளவுக்குத்தான். அந்த வரம்பை எந்த மேல்முறையீடும் நீட்டாது.

கேள்வி: பழைய மோசமான செமஸ்டரை அழித்துவிடும் ‘அகாடமிக் ரின்யூவல்’ எங்கள் கல்லூரியில் உண்டு. அதை வாங்கினால் போதுமா? அல்லது ஓராண்டு விலகியிருந்துவிட்டுத் திரும்பலாமா?

பதில்: கல்லூரி மன்னிக்கலாம்; ஃபெடரல் உதவிக் கணக்கில் அந்த மன்னிப்புக்கு இடமில்லை. உங்கள் பட்டத்துக்குப் பொருந்தும் பழைய பாடங்கள், கைக்காசில் படித்தவை உட்பட, எண்ணப்படும். விலகியிருப்பதாலும் எண்கள் மாறுவதில்லை.

கேள்வி (ஆஸ்டின்): மாநில அரசின் உதவிக்கும் இதே விதிதானா?

பதில்: பல இடங்களில் அதைவிடக் கடுமை. டெக்சஸ் கிராண்ட்டைத் தொடர முதல் ஆண்டுக்குப் பின் 2.5 ஜி.பி.ஏ., 75 சதவீத வேகம், ஆண்டுக்கு 24 கிரெடிட் வேண்டும். ஜார்ஜியாவின் ஹோப் உதவித்தொகை 30, 60, 90 கிரெடிட் கட்டங்களில் 3.0 இருக்கிறதா என்று பார்க்கிறது. எஸ்.ஏ.பி.யில் தேறிவிட்டோம் என்று இருந்துவிட்டு இவற்றை இழப்பவர்கள் உண்டு.

கேள்வி: கட்டணம் கட்டுவது நான். மகனின் நிலையைக் கேட்டால், கல்லூரி எனக்குச் சொல்ல மறுக்கிறது. இது என்ன நியாயம்?

பதில்: 1974ஆம் ஆண்டின் ஃபெர்பா சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்தபின் கல்விப் பதிவுகள் மீதான உரிமை மாணவருக்கு உரியது. வருமான வரிப் படிவத்தில் மகனை உங்களைச் சார்ந்திருப்பவராகக் காட்டியிருந்தால் கல்லூரி உங்களிடம் சொல்லலாம். சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயமில்லை. மகனே ஒப்புதல் படிவம் ஒன்றைக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது. அதைச் சண்டை வரும் முன், சேரும் மாதத்திலேயே கேட்டு வாங்குங்கள்.

கேள்வி (சென்னை): சார், நான் எஃப்-1 விசாவில் வரப்போகிறேன். எனக்கும் இது பொருந்துமா?

பதில்: எஃப்-1 மாணவர்களுக்கு ஃபெடரல் உதவியே இல்லை. கல்லூரி தரும் மெரிட் உதவித்தொகைக்கு அதன் கடிதத்தில் தனி நிபந்தனைகள் இருக்கும், அவற்றைப் பாருங்கள்.

கேள்வி (டிட்ராய்ட்): என் மேல்முறையீட்டை நிராகரித்துவிட்டார்கள். கல்வித் துறைக்கு எழுதலாமா?

பதில்: எழுதிப் பயனில்லை. இந்த முடிவு கல்லூரியுடையது. அமெரிக்கக் கல்வித் துறை இதை மறுபரிசீலனை செய்வதில்லை. கல்லூரிக்குள்ளேயே இரண்டாம் நிலைப் பரிசீலனை இருக்கிறதா என்று கேளுங்கள். புதிய சான்று இருந்தால் மட்டும் மறுபடி விண்ணப்பியுங்கள். இல்லையென்றால், எத்தனை கிரெடிட் தேறினால் எண்கள் மேலே வரும் என்பதை அலுவலகத்தில் எழுத்தில் வாங்கி, கட்டணம் குறைந்த இடத்தில் அத்தனை கிரெடிட்டை மட்டும் கைக்காசில் படியுங்கள். குறை ஜி.பி.ஏ.யில் என்றால் அவற்றை உங்கள் கல்லூரியிலேயே படிக்க வேண்டும். எண்கள் தேறியதும் தகுதி திரும்பும், ஆனால் பல கல்லூரிகளில் அது தானாகத் திரும்புவதில்லை. மதிப்பெண் வெளியான வாரத்திலேயே மறுகணக்கீட்டுக்கு எழுதிக் கொடுங்கள்.