களிமண் சரிவின் கணக்கில் வலிமையின் திசையைச் சேர்க்க வேண்டுமா?

கேள்வி: மென்களிமண்ணில் 8 மீட்டர் ஆழத்துக்கு வெட்டிச் சரிவு அமைக்கிறோம். மண் ஆய்வறிக்கை ஷியர் வலிமையை (மண் சறுக்கலை எதிர்க்கும் திறன்) 40 கிலோபாஸ்கல் என்று ஒரே எண்ணாகத் தருகிறது. அதை வைத்துக் கணித்தால் பாதுகாப்புக் காரணி (சறுக்கலை எதிர்க்கும் வலிமைக்கும் சறுக்க வைக்கும் விசைக்கும் உள்ள விகிதம்; 1-க்குக் கீழே போனால் சரியும்) 1.45 வருகிறது. திசைக்கேற்ப வலிமையை மாற்றும் வசதி மென்பொருளில் உள்ளது. அது தேவையா?

பதில்: தேவை. முதலில் அந்த 40 எப்படி வந்தது என்று ஆய்வகத்தைக் கேளுங்கள். செங்குத்தாக எடுத்த மாதிரியை மேலிருந்து அழுத்திச் சோதித்திருந்தால், அந்த வலிமை உங்கள் சரிவின் ஒரு பகுதிக்கு மட்டுமே பொருந்தும்.

நீரில் படியும்போது களிமண்ணின் தட்டையான துகள்கள் பெரும்பாலும் கிடையாகப் படுக்கின்றன. அதன்பின் மேலே சேரும் மண்ணின் எடை, பக்கவாட்டை விடச் செங்குத்துத் திசையிலேயே அவற்றை அதிகமாக இறுக்குகிறது. சறுக்குப் பரப்பு, அதாவது மண் உடைந்து நகரும் பரப்பு, சரிவின் தலைப்பகுதியில் செங்குத்தாக இறங்கி, நடுவில் ஏறத்தாழ கிடையாக ஓடி, அடிவாரத்தில் மேல்நோக்கி எழுகிறது. தலைப்பகுதியில் மண் மேலிருந்து நசுங்குவதால் அங்கே அழுத்தச் சோதனையின் வலிமை கிடைக்கும்; நடுவில், மாதிரியைக் கிடையாக நகர்த்தும் நேரடி எளிய ஷியர் சோதனையின் வலிமையும், பக்கவாட்டு நெருக்கம் மிகும் அடிவாரத்தில், மாதிரியைப் பக்கவாட்டில் நெருக்கிச் செங்குத்தாக நீள விடும் ட்ரையாக்சியல் நீட்சிச் சோதனையின் வலிமையும்தான் கிடைக்கும். இயல்பாக இறுகிய (இப்போதுள்ளதை விட அதிக எடையை முன்பு தாங்கியிராத) களிமண்ணில் இவை பொதுவாக இதே வரிசையில் குறைந்துகொண்டே போகும். நெகிழ்மைக் குறியீடு (மண்ணைப் பிசையக்கூடிய ஈரப்பத வரம்பின் அகலம்) குறைந்த களிமண்ணில் இந்த இடைவெளி இன்னும் கூடும்.

உங்கள் எண்ணையே எடுத்துக்கொள்வோம். தலைப்பகுதியில் 40, நடுப்பகுதியில் 28, அடிவாரத்தில் 22 கிலோபாஸ்கல் என்றும், சறுக்குப் பரப்பின் நீளத்தில் மூன்று பகுதிகளும் முறையே 30, 50, 20 சதவீதம் என்றும் உதாரணத்துக்கு வைத்தால், சராசரி வலிமை 30.4 கிலோபாஸ்கல். அதே வட்டப் பரப்பில் காரணி வலிமைக்கு நேர்விகிதத்தில் மாறுவதால், 1.45 என்பது 1.10 ஆகிவிடும். மென்பொருள் புதிய மிகமோசமான பரப்பைத் தேடும்போது அது இன்னும் இறங்கலாமே தவிர ஏறாது.

தகடுகள் கொண்ட கருவியை மண்ணில் செருகிச் சுழற்றும் வேன் சோதனையும் தனியாகப் போதாது. உயரம் விட்டத்தைப் போல இரு மடங்காக உள்ள வழக்கமான வேனில், எல்லாப் பக்கமும் ஒரே வலிமை என்று கொண்டால், முறுக்கு எதிர்ப்பில் ஏறத்தாழ 86 சதவீதம் செங்குத்துப் பக்கங்களிலிருந்தே வருகிறது. கிடைப்பரப்பின் வலிமை அதில் அநேகமாகத் தெரிவதே இல்லை.

நான் அதிகம் கவலைப்படுவது அடுக்கு மண்ணைப் பற்றித்தான். மாதிரியைக் கையில் எடுத்து மெல்லப் பிளந்து பாருங்கள். அது ஒரே தளத்தில் சுலபமாகப் பிரிந்து, அந்த முகம் வழவழப்பாக மின்னினால், அங்கே முன்பே நகர்வு நிகழ்ந்து வலிமை எச்ச நிலைக்கு, அதாவது பெரிய நகர்வுக்குப் பின் மிஞ்சும் குறைந்த அளவுக்கு, இறங்கியிருக்க வாய்ப்புண்டு. அத்தகைய அடுக்கு, சரிவு முகத்தை விடக் குறைந்த கோணத்தில் வெளிப்புறமாகச் சாய்ந்து முகத்தில் வந்து முடிந்தால், வட்டப் பரப்பை மட்டும் தேடுவது ஏமாற்றிவிடும். அடுக்கை ஒட்டிச் செல்லும் வட்டமல்லாத பரப்பை, சரிவைச் செங்குத்துக் கீற்றுகளாகப் பிரிக்கும் ஸ்பென்சர் அல்லது மார்கன்ஸ்டர்ன்-பிரைஸ் முறையில் கணிக்க வேண்டும்.

மென்பொருளில் ஒவ்வொரு கீற்றின் அடிக்கோணத்துக்கும் (அதன் அடிப்பரப்பு சாய்ந்துள்ள கோணம்) ஒரு வலிமையைத் தருவீர்கள். அந்தக் கோணத்தின் கூட்டல், கழித்தல் குறி எந்தப் பக்கத்தைக் குறிக்கிறது என்பது மென்பொருளுக்கு மென்பொருள் மாறும். குறி மாறினால் தலைப்பகுதியின் வலிமை அடிவாரத்துக்குப் போய்விடும். எல்லாக் கோணங்களுக்கும் 40 கொடுத்து 1.45 வருகிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு உண்மையான மதிப்புகளைக் கொடுத்து, ஒவ்வொரு கீற்றுக்கும் அது எடுத்துக்கொண்ட வலிமையை அச்சிட்டுச் சரிபாருங்கள்.

இவை அனைத்தும் நீர் வடியாத குறுகிய காலத்துக்கே. மண்ணை வெட்டி எடுத்தபின் நுண்துளை நீரழுத்தம் (துகள்களுக்கு இடையிலுள்ள நீரின் அழுத்தம்) மெல்ல ஏறி, களிமண் காலப்போக்கில் வலுவிழக்கும் என்பதால், நீர் வடிந்த நிலை வலிமையைக் கொண்டு நீண்டகாலக் கணக்கையும் தனியே செய்யுங்கள். அதிலும் அடுக்குத் தளத்துக்குத் தனி மதிப்பு கொடுங்கள்.