கடல்சார் செயற்கைக்கோள் தொலையுணர்வில் இப்போது எதற்கு மவுசு? முனைவர் பட்டத்துக்கு எந்தத் தலைப்பை எடுக்கலாம்?

இப்படிக் கேட்பவர் அநேகமாக, "தலைப்போடு வா" என்று நெறியாளர் சொல்லி அனுப்பிய முதலாண்டு மாணவராக இருப்பார். தவறாக ஊகித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நானும் அப்படி அனுப்பப்பட்டவன்தான்.

முதலில் கேட்டதற்குப் பதில். 2022 டிசம்பரில் ஏவப்பட்ட ஸ்வாட் செயற்கைக்கோள், கடல்மட்டத்தை நேர் கீழே ஒரு கோடாக மட்டும் அளக்காமல் சுமார் 120 கிலோமீட்டர் அகலப் பட்டையாக அளக்கிறது. கடல்மட்டத்தை அளக்கும் பழைய உயரமானிக் கருவிகளின் கோடுகளுக்கு இடையே தப்பிய சிறு சுழல்கள் இப்போது பிடிபடுகின்றன. 2024 பிப்ரவரியில் போன பேஸ் செயற்கைக்கோள், கடலின் நிறத்தை 340 முதல் 890 நானோமீட்டர் வரை தொடர்ச்சியாகப் பிரித்துப் பார்க்கிறது. 1997இல் போன சீவிஃப்ஸ் என்ற கடல்நிறக் கருவிக்கு இருந்தவை எட்டே அலைப்பட்டைகள். இவற்றுக்கெல்லாம் மேலே இயந்திரக் கற்றல். தலைப்பில் அந்தச் சொல் இல்லாத கட்டுரையைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

நான் விழுந்ததும் அந்தக் குழியில்தான். கரையோரக் கடலின் குளோரோபில் அளவைச் செயற்கைக்கோள் படத்திலிருந்து கணிப்பது என் வேலை. கடலில் மிதக்கும் நுண்தாவரங்கள் தம் குளோரோபில்லால் நீல ஒளியை உறிஞ்சும். ஆகவே நீலத்துக்கும் பச்சைக்கும் உள்ள விகிதமே போதும் என்பார்கள். ஆழ்கடலுக்கு அது சரி. கரையோரத்திலோ ஆற்று வண்டலும், மட்கிய இலைதழைகளின் மஞ்சள் சாயமும் கலந்து, சேற்றுத் தண்ணீரைச் செழிப்பான கடலாகக் காட்டிவிடும். போதாக்குறைக்கு, விண்கலத்துக்கு வந்து சேரும் ஒளியில் கடலுக்குள்ளிருந்து வருவது ஏறக்குறைய 10 சதவீதம்தான். மிச்சத்தில் பெரும்பகுதி காற்றுமண்டலம் சிதறடித்தது. அதைக் கழிப்பதில் கொஞ்சம் பிசகினாலும் கணக்கு கெட்டது.

பிறர் சேகரித்துப் பொதுவில் வைத்த அளவீடுகளைக் கொண்டு இயந்திரக் கற்றலில் ஒரு வகையான நியூரல் நெட்வொர்க்கைப் பழக்கினேன். தரவைக் குலுக்கி, 70 பங்கு பயிற்சிக்கு, 30 பங்கு சோதனைக்கு. கணிப்பு அளவீட்டோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் ஆர் ஸ்கொயர் (1 என்றால் முழுப் பொருத்தம்) 0.93! புள்ளிகள் எறும்பு வரிசைபோல் கோட்டின் மேல் நின்றன. ஒரு கருத்தரங்கில் பெருமையாகக் காட்டினேன். கடைசி வரிசையில் இருந்த ஓர் அம்மையார் எழுந்து, "ஒரு கடற்பயணத்தின் மாதிரிகள் முழுவதையும் ஒதுக்கிவைத்துச் சோதித்தீர்களா?" என்று கேட்டார். இல்லை. ஒரே நாளில் பக்கத்துப் பக்கத்தில் எடுத்த மாதிரிகளில் ஒன்று பயிற்சிக்கும் இன்னொன்று சோதனைக்கும் போயிருந்தது. விடைத்தாளை மடியில் வைத்துக்கொண்டு எழுதிய பரீட்சை அது. திரும்பி வந்து பயணவாரியாகப் பிரித்து ஓட்டினேன்: 0.41.

பிறகுதான் படகேறினேன். 38 இடங்களில் நீர் எடுத்தோம். மேகம் மறைத்தவை, சூரியப் பளபளப்பில் சிக்கியவை, விண்கலம் கடந்த நேரத்திலிருந்து மூன்று மணிக்குமேல் விலகியவை எல்லாம் போக, படத்தோடு ஒப்பிடத் தேறியவை ஐந்து. கண்ணாடியிழை வடிதாளில் ஒரு லிட்டர் கலங்கல் நீர் இறங்குவதற்குள் பொறுமை போய்விடும். கடைசியில் மிஞ்சுவது வெளிறிய பழுப்புப் பச்சைக் கறை. வெளிச்சம் பட்டால் நிறமி சிதையும் என்பதால் உடனே மடித்து, அலுமினியத் தாளில் சுற்றி, திரவ நைட்ரஜனில் போட வேண்டும்.

இயந்திரக் கற்றலே வீண் என்று நான் சொன்னதாக யாரும் திரிக்க வேண்டாம். மேகம் மறைத்த இடங்களை நிரப்ப நானே இன்றும் அதைத்தான் நாடுகிறேன். சரிபார்க்கும் அளவீடுகளுக்குத்தான் பஞ்சம் என்கிறேன். என்னைக் கேட்டால், பேஸ் தரவை எடுத்துக்கொண்டு கலங்கல் கடலுக்குப் போங்கள், மாதிரியை உங்கள் கையாலேயே எடுங்கள். "படகு கிடைத்தவன் பேச்சு" என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். கிடைக்காதவர்களுக்கு, ஆழ்கடலுக்காவது, கடலில் மிதந்தபடி தாமே அளந்து அனுப்பும் ஆர்கோ மிதவைகளில் குளோரோபில் உணரி உள்ளவற்றின் தரவு இலவசமாக இருக்கிறது.

அந்த 38இல் பாதியை, நான் வாந்தியெடுத்துக் கிடந்தபோது, வடிகட்டியவர் ஓர் ஆய்வக உதவியாளர். கட்டுரையில் அவர் பெயர் நன்றியுரையின் கடைசி வரியில் வந்தது. படகைக் கண்ணால் பார்க்காத இருவர் ஆசிரியர் பட்டியலில் இருந்தார்கள். அப்போது நான் வாய் திறக்கவில்லை. கேள்விக்கும் இதற்கும் தொடர்பில்லை, தெரியும்.

வடிதாளைச் சுற்றிய உறையின்மேல் இடத்தின் பெயரைப் பென்சிலால் எழுது, பேனா வேண்டாம் என்று முதல் நாளே சொன்னவரும் அவர்தான். நான் பேனாவால் எழுதிய ஆறு உறைகள் எந்த இடத்தினுடையவை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.