அக்கரைப்பற்றில் வீடு திருத்துகிறோம். குசினிக் கபேட்டைச் சீனாவிலிருந்து நேரடியாக எடுக்கலாமா?

உங்கள் கேள்வி இதுதான்: தங்கச்சிக்குக் கொடுக்கப்போகும் வீட்டைத் திருத்துகிறீர்கள். குசினிக்குப் பான்ட்ரி கபேட் போட ஊரில் கேட்ட விலையில் பாதிக்குச் சீனாவின் ஃபோஷான் நகரத் தொழிற்சாலை ஒன்று விலை தந்திருக்கிறது. எடுக்கலாமா, இல்லை மாட்டிக்கொள்வோமா?

நான் எடுத்தேன். 2024 மார்ச்சில் ஓடர் கொடுத்து, ஜூலையில் மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் வீட்டு வாசலில் இறங்கியது. இன்னொரு முறை செய்வதென்றால் பெட்டிகளை இங்கேயே ஓடாவியிடம் செய்வித்து, கதவு, பிணைச்சல், லாச்சி றெயில் ஆகியவற்றை மட்டும் வெளியிலிருந்து எடுப்பேன். காரணத்தை விளக்க எங்கள் குசினியின் ஒரு மூலையைக் காட்டினால் போதும்.

எங்கள் குசினியின் நீளச் சுவர் 11 அடி 4 அங்குலம். என் கணவர் டேப்பைப் பிடிக்க, நான் குறித்துக்கொண்டேன். தொழிற்சாலையில் விற்பனை பார்க்கும் பெண்ணுக்கு வட்ஸ்அப்பில் 11.4 என்று அனுப்பினேன். நம்மூரில் மேசனுக்கோ ஓடாவிக்கோ அப்படி எழுதினால் 11 அடி 4 அங்குலம் என்றுதான் விளங்கும். அவர் அதைப் பதினொன்று தசம் நான்கு அடி என்று எடுத்து மில்லிமீற்றருக்கு மாற்றிவிட்டார். 11 அடி 4 அங்குலம் என்றால் 3454 மில்லிமீற்றர். 11.4 அடி என்றால் 3475. வரைபடம் வந்தபோது அதன் கீழ்ப்பக்கத்தில் 3475 என்று தெளிவாகவே போட்டிருந்தது. நான் கதவின் நிறத்தையும் கைபிடியையும் பார்த்துவிட்டுச் சரி என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

அதோடு முடியவில்லை. நாங்கள் அளந்தது டைல் ஒட்டுவதற்கு முன்பு. இரண்டு பக்கச் சுவரிலும் டைலும் அதன் பின்னால் போடும் சாந்தும் சேர்ந்து ஒவ்வொரு பக்கமும் 15 மில்லிமீற்றரைத் தின்றுவிட்டன. எல்லாம் கூட்டினால் 5 சென்ரிமீற்றர், இரண்டு அங்குலம். வரிசையாக எல்லாப் பெட்டியையும் வைத்து வந்து, கடைசியாக சிங்க் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய 450 மில்லிமீற்றர்ப் பெட்டி உள்ளே போகவில்லை.

ஓடாவியார் அதைக் கழற்றி, அடிப்பலகை, மேல்பலகை, முதுகு, கதவு எல்லாவற்றிலும் இரண்டு அங்குலம் அறுத்தார். அறுத்த வாயில் பலகை பிட்டுப்போல உதிர்ந்தது. மரத்துகளைப் பசை விட்டு அழுத்திச் செய்த பலகை அது. தொழிற்சாலையில் அதன் நான்கு ஓரத்தையும் மெஷினில் சூடான பசையோடு பிவிசி பட்டி ஒட்டி மூடியிருப்பார்கள். அந்த மூடல் இருக்கும்வரை பலகை தாங்கும். நாங்கள் அறுத்த இடத்தில் கடையில் வாங்கிய பட்டியை அயன் பெட்டியால் தேய்த்து ஒட்டினோம். "தங்கச்சி, இது மழைக்காலத்தில நிக்குமா தெரியாது" என்று ஓடாவியார் அப்போதே சொன்னார். நவம்பர் கடைசியில் மட்டக்களப்பு, அம்பாறை எல்லாம் வெள்ளத்தில் கிடந்த அந்த வாரம் உங்களுக்கும் மறந்திருக்காது. அடுத்த மாதம் சிங்க் பக்கத்து ஓரத்தைத் தொட்டுப் பார்த்தேன். பட்டி வாய் பிளந்து, 18 மில்லிமீற்றர்ப் பலகை 23 மில்லிமீற்றருக்கு ஊதியிருந்தது. ஒருமுறை ஊதினால் அது திரும்ப வற்றாது.

ஆகவே முதல் வேலை அளவு. மில்லிமீற்றரில் மட்டும் அளந்து, மில்லிமீற்றரில் மட்டும் எழுதுங்கள். அடி, அங்குலம் என்ற பேச்சே வேண்டாம். டைல் ஒட்டி, நிலமட்டமும் முடிந்த பிறகு அளவெடுங்கள். ஒரே சுவரை நிலத்தோடு ஒருமுறை, இடுப்பு உயரத்தில் ஒருமுறை, தலைக்கு மேல் ஒருமுறை அளந்து, மூன்றில் சிறியதை எடுங்கள். பழைய வீட்டுச் சுவர் நேராக இருக்கும் என்று நம்ப வேண்டாம். எங்கள் மூலை சதுரமே இல்லை, ஒரு பக்கம் அரை அங்குலம் உள்வாங்கியிருந்தது. இரண்டு முனையிலும் சுவருக்கும் பெட்டிக்கும் இடையில் வைக்க 50 மில்லிமீற்றர் அகலத்தில் ஓரப்பட்டி சேர்த்துத் தரும்படி வரைபடத்திலேயே கேளுங்கள். சுவர் எப்படி வளைந்திருந்தாலும் அந்தப் பட்டியைச் சீவிப் பொருத்திவிடலாம், பெட்டியில் கத்தி படாது. இந்த ஒன்றை எனக்கு யாராவது முன்பே சொல்லியிருந்தால் இந்தப் பதிலில் பாதி இருந்திருக்காது.

அடுத்தது பலகை. விற்பவர்கள் ஈ0, ஈ1 என்று பெரிதாகச் சொல்வார்கள். அது பலகையின் பசையிலிருந்து காற்றில் கலக்கும் ஃபோமல்டிஹைட் எவ்வளவு என்பதற்கான தரம். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அது முக்கியம்தான். ஆனால் தண்ணீர் தாங்குமா என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நான் ஈ0 என்றவுடன் எல்லாவற்றிலும் உயர்ந்தது என்று நினைத்துவிட்டேன். பலகையின் உள்ளே பச்சை நிறம் தெரிந்தால் ஈரம் தாங்கும் வகை என்று காட்டுவார்கள். பச்சை வெறும் சாயம். சாயம் போட்ட எல்லாப் பலகையும் தாங்கும் என்பதில்லை. ஒரு துண்டு மாதிரி அனுப்பச் சொல்லி, அதை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் போட்டு, முன்னும் பின்னும் தடிப்பை அளந்து பாருங்கள். தொழிற்சாலைப் பேப்பரை விட அந்தத் துண்டு உண்மை சொல்லும். சிங்க் பெட்டிக்கு மட்டுமாவது பிளைவுட் போடுங்கள். இந்தியப் பிளைவுட் என்றால் ஐஎஸ் 710 என்ற முத்திரையைத் தேடுங்கள், அது கடல் வேலைக்கான தரம். ஐஎஸ் 303 என்பதில் சாதாரண வகையும் கொதிநீர் தாங்கும் வகையும் இரண்டும் உண்டு, எது என்று கேட்டு வாங்க வேண்டும்.

கடற்காற்றைப் பற்றிக் கொஞ்சம் கூடவே சொல்ல வேண்டும், அக்கரைப்பற்றும் கல்லடியும் இதில் ஒன்றுதான். கோப்பை வைக்கும் கம்பித் தட்டும் லாச்சிக் கூடையும் துருப்பிடிக்காத இரும்பு என்று சொல்லித்தான் வந்தன. எட்டாவது மாதம் பற்றுவைத்த இடமெல்லாம் தேயிலைக்கறை மாதிரிப் புள்ளி. விசாரித்தபோதுதான் அது 201 என்ற வகை என்று தெரிந்தது. நிக்கலைக் குறைத்து மங்கனீசு சேர்ப்பதால் அது மலிவு. உள்நாட்டு ஊரில் தாங்கும், உப்புக் காற்றில் தாங்காது. நமக்கு 304 என்ற வகை வேண்டும். காந்தம் வைத்துப் பார்த்து வாங்குங்கள் என்று பலர் சொல்வார்கள். அது பலிக்காது, 201 வகையிலும் பெரும்பாலும் காந்தம் ஒட்டாது. இரண்டையும் பிரித்துக் காட்ட ஒரு சோதனைத் திரவம் இருக்கிறது, ஒரு சொட்டு விட்டால் 201 சிவக்கும். பிணைச்சலுக்கு ப்ளம், ஹெட்டிக் போன்ற பெயருள்ளதை எடுங்கள். 35 மில்லிமீற்றர்க் குழியில் உட்காரும் வகை என்றால் பின்னாளில் ஒன்று உடைந்தாலும் அதே குழிக்கு இன்னொன்று மாட்டலாம். எப்படியும் பத்துப் பன்னிரண்டு பிணைச்சலும் ஒவ்வொரு அளவிலும் ஒரு கதவும் பலகை ஓரத்தில் ஒட்டும் பிவிசி பட்டி ஒரு சுருளும் உபரியாகக் கேட்டு எடுங்கள். ஒரு கதவுக்காக மறுபடி சீனாவுக்கு ஓடர் கொடுக்க முடியாது.

இப்போது காசு. எனக்குத் தொழிற்சாலை சொன்ன விலை 2,600 டொலர். குசினிக்குள் வைத்து முடித்தபோது அதன் இரண்டு மடங்கைத் தாண்டி, உள்ளூரில் கேட்ட விலையிலேயே வந்து நின்றது. உங்களுக்குப் பாதி விலையாகத் தெரிவதும் அந்தத் தொழிற்சாலை விலைதான். சுங்கத்தில் பொருளின் விலை, கப்பல் கூலி, காப்புறுதி மூன்றையும் கூட்டிய தொகைக்குத்தான் வரி. 2024இல் நான் எடுத்தபோது இருந்தவை: சுங்கத் தீர்வை, செஸ் என்ற இறக்குமதி மேல்வரி, துறைமுக விமான நிலைய அறவீடு, 2.5 வீத சமூகப் பாதுகாப்பு உதவுதொகை, அந்த ஜனவரியிலிருந்து 18 வீத வற் வரி. வற் வரி வெறும் பொருள் விலைக்கு அல்ல, மற்ற வரிகளும் ஏறிய தொகைக்கு. மரத்தாலான குசினித் தளபாடத்தின் சுங்கக் குறியீடு 9403.40. பிணைச்சலும் லாச்சி றெயிலும் 8302 என்ற தலைப்பில் வரும். முற்பணம் கட்ட முன்பே இந்த எண்களைக் கொழும்பில் சுங்க வேலை முடித்துத் தரும் கிளியரிங் ஏஜன்ட் ஒருவரிடம் கொடுத்து, அன்றைய வீதத்தில் மொத்தம் எவ்வளவு வரும் என்று எழுத்தில் வாங்குங்கள். வீதங்கள் மாறிக்கொண்டே இருப்பவை, போன வருடம் எடுத்தவர் சொன்ன கணக்கை நம்பி இறங்க வேண்டாம்.

முழுக் கொண்டெய்னர் எடுக்காமல் மற்றவர்களின் சாமானோடு சேர்த்து அனுப்பும்போது கன மீற்றர்க் கணக்கில்தான் கூலி. பெட்டியாகப் பொருத்தி அனுப்பினால் நீங்கள் வெறும் காற்றுக்குக் கூலி கட்டுகிறீர்கள். எங்களுடையது பொருத்தியே வந்ததால் 8 கன மீற்றர் பிடித்தது. பலகையாக அடுக்கி அனுப்பினால் அதில் மூன்றில் ஒன்றுக்குள் அடங்கியிருக்கும். சீனாவில் ஏற்றும்போது கப்பல் கூலி மிகவும் குறைவு என்று சொல்வார்கள், அதைப் பார்த்து நானும் சந்தோஷப்பட்டேன். கொழும்பில் பிரித்து எடுக்கும் இடத்துக் கட்டணங்களில் அதை வட்டியோடு பிடித்துவிட்டார்கள். எனக்கு ஏற்றுமதி பார்த்த முகவர் அந்தக் கட்டணங்களைப் பற்றி ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லவில்லை. கொழும்புக் கட்டணம் எவ்வளவு என்று ஏற்றுமுன் கேட்டு எழுதி வாங்குங்கள். பிறகு கொழும்பிலிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல் லொறிக் கூலி.

பணம் கட்டுவது வழக்கமாக 30 வீதம் முன்னால், மீதி ஏற்றுவதற்கு முன். இரண்டு தவணைக்கும் இடையில் டொலர் ஏறினால் அடி உங்களுக்குத்தான். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய்ச் சொச்சத்தில் இருந்த டொலர் மே மாதம் 360 வரை போனதை நாம் எல்லோரும் பட்டோம். இன்வொய்ஸில் உள்ள கம்பனியின் பெயரிலேயே வங்கிக் கணக்கு இருக்க வேண்டும். தனி ஆளின் கணக்கைத் தந்தால் அத்தோடு நிறுத்திவிடுங்கள். மீதியைக் கட்ட முன் எல்லாப் பெட்டியையும் தொழிற்சாலைத் தரையில் வரிசையாகப் பொருத்தி, டேப்பை வைத்து வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

காலமும் பார்க்க வேண்டும். சீனப் புத்தாண்டுக்கு ஜனவரி, பெப்ரவரியில் தொழிற்சாலைகள் வாரக்கணக்கில் மூடியிருக்கும். அது முடிந்து மார்ச்சில் கொடுத்தால் கச்சான் காற்றுக் காலத்தில் சாமான் வந்து சேரும், மட்டைப்பெட்டி நனையாமல் லொறியிலிருந்து இறக்கலாம். வாடைக்காற்றும் மழையுமாக இருக்கும் மார்கழியில் இறக்க வேண்டாம்.

அந்தத் தொழிற்சாலைகளுக்கு நம் குசினி தெரியாது, அது அவர்கள் பிழை அல்ல. அவர்கள் வரைந்த மேடை உயரம் 900 மில்லிமீற்றர். அம்மா 4 அடி 10 அங்குலம். முதல் நாள் கறி கிளறிவிட்டு, "உயரம் கூடிப்போச்சு புள்ள, மறுகா என்ட தோள்தான் நோகும்" என்றார். பெட்டிகளின் கால்களைத் திருகி இறக்கியும் இரண்டு சென்ரிமீற்றருக்கு மேல் இறங்கவில்லை. அதிகம் சமைப்பவரின் முழங்கையிலிருந்து 100 முதல் 150 மில்லிமீற்றர் கீழே அளந்து, அந்த உயரத்தை எழுதி அனுப்புங்கள். வீடு தங்கச்சிக்கு என்பதால் அவரை நிறுத்தி அளவெடுங்கள், உங்களை வைத்து அல்ல. அப்புறம் காஸ் சிலிண்டர். 12.5 கிலோ சிலிண்டர் நிற்க இடமும், அந்தப் பெட்டியின் அடியில் காற்றுத் துவாரமும் வரைபடத்தில் இருக்காது. இந்த வாயு காற்றை விடக் கனமானது, கசிந்தால் கீழேதான் தேங்கும், மேலே துவாரம் விட்டுப் பயனில்லை. சிலிண்டரைச் சுவருக்கு வெளியே வைத்துக் குழாய் இழுப்பது இன்னும் நல்லது. பெட்டிகளின் கால்கள் பிளாஸ்டிக்கில் 100 மில்லிமீற்றர் உயரத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். நாம் நிலத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறவர்கள், கறையானும் நிலத்திலிருந்துதான் ஏறும்.

கல் மேடையையும் சிங்கையும் அங்கிருந்து எடுக்கவே வேண்டாம். 20 மில்லிமீற்றர் குவார்ட்ஸ் கல் ஒரு சதுர மீற்றருக்கு 50 கிலோ அளவில் வரும், வழியில் வெடித்தால் யாரும் பொறுப்பு இல்லை. பெட்டிகளைப் பொருத்திய பிறகு இங்கேயே கிறனைட் வெட்டிப் போடலாம்.

செலவு இறுக்கமாக இருந்தால் அலுமினியச் சட்டத்தில் செய்யும் பான்ட்ரியையும் ஒருமுறை பாருங்கள். அழகில் கொஞ்சம் குறைவுதான், எனக்கும் பிடித்த தோற்றம் அல்ல. ஆனால் ஊதாது, கறையான் ஏறாது, உடைந்தால் அடுத்த தெருவிலேயே திருத்தலாம். எங்கள் சிங்க் பக்கத்து அந்தப் பெட்டியைப் போன மாதம் கழற்றிவிட்டு, ஓடாவியாரிடம் பிளைவுட்டில் புதிதாகச் செய்வித்தோம். சீனாவிலிருந்து உபரியாக எடுத்த ஒரே ஒரு கதவை வெட்டாமலே மாட்டும்படி, அந்தப் பெட்டியின் அகலத்தை அவர் அமைத்துக்கொண்டார். நிறம் அச்சொட்டாகப் பொருந்தியிருக்கிறது. உங்கள் வரைபடம் வந்ததும் அளவுகளை மில்லிமீற்றரில் இங்கே போடுங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன்.